தம்பியின் தலைமுடியும் கொழும்புக் கடையும்

அன்புள்ள ஐயா,

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். அப்பா கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுவது), மருந்தடிப்பு என்று கிடைக்கிற வேலைக்குப் போகிறார். பேராதனையில் கலைப்பிரிவில் படித்துவிட்டு இப்போது ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் வரிசை வீடுகளிலிருந்து, அதாவது லயத்திலிருந்து, பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான்.

எழுதுவது தம்பியைப் பற்றி. அவன் இப்போது தரம் 11. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவன். எட்டாம் தரம் வரை வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருவான். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு குறைந்தது, புள்ளியும் குறைந்தது. போன தவணையில் முடி வளர்த்திருக்கிறான் என்று காலைக் கூட்டத்தில் எல்லாரும் பார்த்திருக்க ஓர் ஆசிரியர் கத்தரிக்கோலால் முன்பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டார். மிச்சத்தை வீட்டில் போய்ச் சரிசெய்துகொள் என்றாராம். அதன்பிறகு அவன் பாடசாலைக்குப் போகவில்லை. தினமும் சீருடை போட்டுக்கொண்டுதான் வீட்டிலிருந்து புறப்பட்டிருக்கிறான். இரண்டு வாரம் கழித்து எங்களுக்குத் தெரிந்தது. பாடசாலையிலிருந்து யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு இரவு அழுதானா என்று அம்மாவைக் கேட்டேன். "ஆண் பிள்ளை எதற்கு அழப்போகிறான்?" என்றார்.

அப்பா கவலைப்படவே இல்லை. "ஆண் பிள்ளைதானே, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான்" என்கிறார். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்யும் மாமா அவனை அனுப்பிவிடச் சொல்கிறார். அத்தை என் முகத்துக்கு நேரே சொன்னது இது: "ஒரு வீட்டில் ஒரு படிப்புத்தான் ஏறும். அதை நீ எடுத்துக்கொண்டாய்."

என் பாடசாலையின் ஆசிரியர் அறையிலும் வேறு மாதிரி இதே பேச்சுத்தான். எல்லாத் திட்டமும் பெண் பிள்ளைகளுக்கே வருகிறது, பிரம்பைப் பிடுங்கியதால்தான் பையன்கள் கெட்டார்கள், ஆண் ஆசிரியர்கள் குறைந்ததால் பயம் போய்விட்டது என்கிறார்கள். எனக்கு இதில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்று தெரியவில்லை. நாங்கள் படித்ததால்தான் தம்பிமார் பின்தங்கினார்களா? அவனைக் கொழும்புக்கு அனுப்பலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஓர் அக்கா
மஸ்கெலியா

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அத்தையின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். ஒரு வீட்டில் ஒரு படிப்புத்தான் ஏறும் என்பது உண்மையானால், நாட்டில் எந்த வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் படித்திருக்கவே முடியாது. நீங்கள் படிக்காமல் கொழுந்துக்கூடையைக் கட்டியிருந்தால் தம்பி பொறியியலாளர் ஆகியிருப்பான் என்று அத்தை நினைக்கிறாரா? அப்படி நடந்திருந்தால் அவன் இன்னும் இரண்டு வருடம் முந்திக் கொழும்புக்குப் போயிருப்பான், அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகள் முந்துகிறார்கள் என்பது உண்மை. மலையகத்தின் விசேஷம் அல்ல இது, இலங்கை முழுவதும் இப்படித்தான். பல்கலைக்கழக அனுமதி பெறுகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள். ஆனால் அதே நாட்டில் பெண்களில் வேலை செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் சேர்த்தே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் அந்தக் கணக்கில் வருகிறார்கள். பரீட்சை மண்டபத்தில் முந்திய பெண் சம்பளப் பட்டியலுக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறாள். நம் தோட்டங்களையே பாருங்கள். மலையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோட்டத் தலைவர், கங்காணி, கோயில் கமிட்டித் தலைவர், மேடையில் மாலை வாங்குகிறவர் எல்லாம் யார்? யாருடைய நாற்காலியை யார் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அத்தையிடம் திருப்பிக் கேளுங்கள். கேட்கும்போது கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

ஆனாலும் ஆசிரியர் அறைப் பேச்சை ஒட்டுமொத்தமாக ஒதுக்க எனக்கு மனமில்லை. நானும் அந்த அறைகளில் தேநீர் குடித்தவன். பையன்களுக்கு ஏதோ ஒன்று நடக்கிறது என்று அவர்கள் உணர்வது சரி. நடப்பது என்ன என்று சொல்வதில்தான் கோளாறு.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த இடம் கத்தரிக்கோல் இல்லை. இரண்டு வாரம் யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்தான். பதினைந்து, பதினாறு வயதுப் பெண் பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் என்ன நடக்கிறது? வகுப்பாசிரியை விசாரிக்கிறார். பக்கத்து லயத்துப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறார். தோட்டத்தில் நாலு பேர் நாலு கதை பேசுகிறார்கள், அதில் இரண்டு கதை அசிங்கமாகவும் இருக்கும். அந்தக் கண்காணிப்பில் பாசமும் உண்டு, சந்தேகமும் உண்டு. அது பெண் பிள்ளைகளைக் கசக்கவும் செய்கிறது. ஆனால் அவள் எங்கே என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கும். பையன் மூன்று நாள் வராவிட்டால், "எங்கேயாவது வேலைக்குப் போயிருப்பான்" என்று வரவு இடாப்பில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறோம்.

வீட்டிலும் இதுதான். பாடசாலை விட்டு வந்த பெண் பிள்ளைக்கு வேலை காத்திருக்கிறது: தண்ணீர், விறகு, தங்கச்சி, அடுப்பு. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சேர்வதற்குள் சோறு ஆகியிருக்க வேண்டும். அநியாயம்தான். நீங்களும் அதைக் கடந்துதான் பேராதனைக்குப் போயிருப்பீர்கள். ஆனால் அந்த அநியாயத்தின் நடுவிலே அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள், விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்கப் பழகுகிறாள். பையனுக்கு இரண்டு மணிக்குப் பிறகு ஒன்றுமில்லை. அம்மா மலையில். அப்பாவுக்கு அளந்து கொடுத்த கணக்கு வேலை முடிந்தால் மத்தியானத்தோடு ஓய்வு; அதன்பிறகு அவர் எங்கே இருப்பார் என்பது தோட்டத்துக்குத் தோட்டம், ஆளுக்கு ஆள் மாறும். வாசிகசாலை என்று பெயர் எழுதிய கட்டடம் பல தோட்டங்களில் பூட்டிக் கிடக்கிறது, அல்லது தேர்தலுக்குத்தான் திறக்கப்படுகிறது. மீதி இருப்பது பாதையோரத்து மதகும் கைத்தொலைபேசியும். இரவு எட்டு மணிக்கு வீடு வந்தால் எங்கே போயிருந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகலாம்.

இதைத்தான் நாம் ஆண் பிள்ளைக்குக் கொடுக்கும் சலுகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெண் பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது சலுகைதான். எனக்கோ அதில் பாதி கைவிடலாகத் தெரிகிறது. வேலை சொல்லப்படாத பிள்ளை, கேள்வி கேட்கப்படாத பிள்ளை, பதினாறு வயது வரை யாருக்கும் தேவைப்படாமலே வளர்கிறான். பதினாறு முடிந்த மறுநாள் அவனிடம் எல்லாரும் காசு கேட்கிறார்கள்.

அப்பா சொன்ன அந்த வாக்கியத்துக்காக அவரோடு சண்டை போடாதீர்கள். அது அவராக யோசித்துச் சொன்னது அல்ல. அவருக்கும் அவருடைய அப்பாவுக்கும் அது வாழ்க்கை. தோட்டப் பாடசாலை என்றால் ஒரே அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்றிருந்த காலம் அது. நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். நடுவில் ஏறக்குறைய மூன்று பத்தாண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் காலத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நிற்பான், அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்கள். அரைச் சம்பளக்காரன் என்றாலும் வீட்டில் அவனுக்கு ஒரு மரியாதை கிடைத்துவிடும். பாடசாலை என்பது பேர் போடும் வரைக்கும் பிள்ளையை வைத்திருக்கிற இடம்.

சட்டம் இதை மாற்றிவிட்டது. கட்டாயக் கல்வி வயது முதலில் பதினான்கு வரை என்றிருந்தது, 2016இல் பதினாறு ஆனது. வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 2021இல் பதினாறாக உயர்ந்தது. ஆனால் லயத்து அடுப்படியில் கணக்கு இன்னும் பழைய கணக்குத்தான்: பெண் பிள்ளைக்குப் படிப்பு ஒரு காப்பு, ஆண் பிள்ளைக்கு உடம்பு போதும். இந்த நம்பிக்கையில் இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. அந்த உடம்பை வாங்கிக்கொள்ளத் தோட்டத்தில் இப்போது பழைய மாதிரி ஆள் இல்லை. பையன்களும் தோட்ட வேலைக்குப் போக விரும்புவதில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

அப்பாமாரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1984 வரை தோட்டத்தில் ஆணுக்குப் பெண்ணைவிட நாட்சம்பளம் அதிகம். அந்த வித்தியாசம் போனது நியாயம். இன்னும் முந்தியே போயிருக்க வேண்டும். ஆனால் சம்பளத்தைத் தவிர வேறு எதிலும் தன் மதிப்பை வைக்கப் பழகாத ஒரு மனிதனுக்கு அதன்பிறகு என்ன மிச்சம்? தோட்டத்தை நிமிர்த்துவது கொழுந்து, கொழுந்து பெண்களின் கையில். பல வீடுகளில் அம்மாவின் சம்பளமே பெரிது. வேறு சில வீடுகளில் அம்மா சவுதியிலோ குவைத்திலோ இருக்கிறார். அப்பா பிள்ளைக்குச் சமைத்துப் போட்டால் ஊர் சிரிக்கும் என்று அவர் நினைக்கிறார். கள்ளுத் தவறணைக்குப் போனால் யாரும் சிரிப்பதில்லை. பையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறான். ஆணாக இருப்பது எப்படி என்று அவன் வேறெங்கே போய்ப் பார்ப்பான்? கைத்தொலைபேசியில் ஒரு கூட்டம் காத்திருக்கிறது, பெண்கள்தான் உன் எதிரி என்று சொல்லிக்கொடுக்க. அந்தக் கூட்டத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது எழுதினால் ரத்த அழுத்தம் ஏறும்.

இனிப் பாடசாலைக்கு வருவோம்.

நம் பாடசாலைகளில் பையனின் தலைமுடியில் காட்டும் அக்கறையில் கால்வாசியை அவன் வாசிப்பில் காட்டியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. வாயிலில் நின்று முடியைப் பார்க்கிறோம். காற்சட்டையின் அகலத்தைப் பார்க்கிறோம். ஆனால் ஒன்பதாம் தரத்தில் இருக்கிற பையன் ஒரு பந்தியைத் தடக்காமல் வாசிக்கிறானா என்று யாரும் பார்ப்பதில்லை. விழா வந்தால் நாற்காலி சுமக்கப் பையன்கள், கூடாரம் கட்டப் பையன்கள், கான் துப்புரவாக்கப் பையன்கள். வரவேற்புரைக்கும் அறிவிப்புக்கும் பெண் பிள்ளைகள். நன்றாகப் படிக்கிற பையனைக்கூட இரண்டு பாடவேளை வெளியே எடுத்துவிடுவோம், மேசை தூக்க ஆள் வேண்டுமே. பெண் பிள்ளையை "மகள்" என்று கூப்பிடும் அதே ஆசிரியரின் வாய் பையனைக் கண்டதும் "டேய்" என்கிறது. ஒரு வருடம் முழுக்க ஒரு பையன் தன் பெயரை எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் கேட்கிறான் என்று எழுதிப் பாருங்கள்: இடாப்பு, குற்றம், சுமை. நாலாவதாக ஒன்று எத்தனை பேருக்கு அமைகிறது?

ஒரு பிள்ளையின் முன்முடியை மட்டும் வெட்டி அனுப்புவது ஒழுக்கம் கற்பிக்கிற வேலை இல்லை. பாதி வெட்டிய தலையோடு அவன் நாள் முழுவதும் வகுப்பில் இருக்க வேண்டும், அந்தத் தலையோடு பஸ்ஸில் ஏற வேண்டும், லயத்து வாசலைக் கடக்க வேண்டும். பதினாறு வயதில் மனிதனுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது தலைமுடி ஒன்றுதான். வீட்டில் தனியறை இல்லாத பிள்ளைக்கு அது இன்னும் பெரிது. அந்த ஆசிரியர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தான் படித்த காலத்தில் தனக்கு நடந்ததைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

பிரம்பைப் பிடுங்கியதால் கெட்டார்கள் என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி: பிரம்பை எப்போது பிடுங்கினார்கள்? பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்ற கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இல் வந்தது. நீதிமன்றம் கசையடி விதிக்க இடம்கொடுத்த காலனித்துவச் சட்டமும் அதே 2005இல்தான் நீக்கப்பட்டது. அந்த இரண்டும் வந்து இருபது வருடமாகியும் பிரம்பு பல அறைகளில் அலுமாரிக்கு மேலே பத்திரமாகத்தான் இருக்கிறது. அது பெரும்பாலும் பையன்களின் மேல்தான் இறங்குகிறது. அடித்துத் திருத்த முடியும் என்றால் இந்நேரம் நம் பையன்கள் எல்லாரும் திருந்தியிருக்க வேண்டும், போதிய அளவு வாங்கிவிட்டார்கள். மாத்தறை மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனின் காது கேட்காமல் போனது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் ஒன்றரை இலட்சம் ரூபாயும் அரசு ஐந்து இலட்சம் ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று 2021 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அடிப்படை உரிமை மீறல் வழக்கு அது. பிரம்புக் கட்சிக்காரர்கள் இருக்கும் மேசையில் இந்தச் செய்தியைச் சத்தமாக வாசியுங்கள்.

ஆண் ஆசிரியர்கள் விஷயம். இலங்கையில் ஆசிரியர்களில் நாலில் மூன்று பங்கு பெண்கள் என்பது சரி. பையனுக்குப் பார்த்துப் பழக நல்ல ஆண் ஒருவர் பாடசாலையில் இருப்பதும் நல்லதுதான். ஆனால் இருக்கிற ஆண் ஆசிரியருக்கு நாம் என்ன வேலை கொடுக்கிறோம்? ஒழுக்காற்றுக் குழு, விளையாட்டு, வாயில் காவல். ஏழாம் தரத்துக்கு ஒரு கதையை உணர்ச்சியோடு வாசித்துக் காட்டும் ஆண் ஆசிரியரைப் பையன்கள் எத்தனை தடவை பார்த்திருப்பார்கள்? வாசிப்பு என்பது பெண் பிள்ளைகளின் சமாச்சாரம் என்ற எண்ணம் பையன்களுக்கு வானத்திலிருந்து வரவில்லை.

ஆறாம் தரத்தில் அழகியல் பாடம் தெரிவு செய்யும் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று பட்டியல் இருக்கும். பையன் நடனம் என்று கையைத் தூக்கினால் வகுப்பு சிரிக்கும், ஆசிரியரும் சேர்ந்து சிரிப்பார், கை இறங்கிவிடும். இதைச் சொல்லும்போது எனக்குக் காமன் கூத்து ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. மாசி மாதத்தில் காமன் நட்டு, விரதம் இருந்து, தப்பு முழங்க ஆடுகிற அந்தக் கூத்தில் ரதி யார்? சேலை கட்டி, வளையல் போட்டு, பூ வைத்து வருவது நம் தோட்டத்து இளைஞன் ஒருவன். அவனை யாரும் கேலி செய்வதில்லை. காலில் விழுந்து கும்பிடுகிறார்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்புகிற கட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடியற்காலைப் பனியில், தீவட்டி வெளிச்சத்தில், அந்த இளைஞன் தலையை விரித்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பான். தப்படிக்கிறவரின் கண்ணிலும் நீர் வரும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிற பெரிய ஆண்கள், மறுநாள் மகனைப் பார்த்து "பெண் பிள்ளை மாதிரி அழாதே" என்று சொல்லப்போகிறவர்கள், வாய்விட்டு அழுவார்கள்.

ஆகவே, நம் ஆண்களுக்கு அழத் தெரியாது, நம் பண்பாட்டில் அதற்கு இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடம் இருந்தது, வருடத்துக்கு ஒரு முறை என்றாலும் ஊரே கூடி நின்று கொடுத்த இடம். பாடசாலைக்குப் போனதும் அதே பையன் நடனப் பாடம் எடுக்க வெட்கப்படுகிறான். கூத்துக் கட்டுவதே கௌரவக் குறைவு என்று நினைக்கிற படித்த கூட்டம் ஒன்றும் தோட்டங்களில் இப்போது உண்டு. அவர்களில் ஆசிரியர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு எரிச்சல். தமிழ்த்தினப் போட்டிக்கு எங்கிருந்தோ நாடகப் பிரதி தேடுகிறவர்கள் பக்கத்து டிவிசனில் நடக்கும் கூத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

இது வெறும் கலை விஷயமாக நின்றுவிட்டால் நான் இவ்வளவு நீட்டமாட்டேன். இந்த நாட்டில் தற்கொலையால் இறக்கும் ஆண்களின் தொகை பெண்களின் தொகையைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று இலங்கையுடையதாக இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான அந்த வித்தியாசம் மட்டும் போகவில்லை. மருந்துப் போத்தலை எடுத்து ஒளித்துவைக்க அரசாங்கத்தால் முடியும். மனதில் இருப்பதைச் சொல்ல வாய் திறக்கவைப்பது வீட்டின், பாடசாலையின் வேலை. உங்கள் தம்பி அப்படி ஏதும் யோசிக்கிறான் என்று நான் சொல்லவரவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் பேச்சு குறைந்து நீண்ட நாளாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1926 என்ற இலக்கம் மனநல உதவிக்கானது. பிள்ளைகளுக்கு எதிரான துன்புறுத்தல் பற்றிச் சொல்ல 1929. இரண்டையும் வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் எழுதி வையுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அவனைக் கொழும்புக்கு அனுப்பலாமா?

இப்போது வேண்டாம். பதினோராம் தர முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் நிச்சயமாக வேண்டாம். பரீட்சை எழுதாமல் போகிற பையன் பிறகு திரும்பி வந்து எழுதுவது எவ்வளவு அரிது என்று உங்களுக்கே தெரியும், நீங்கள் ஆசிரியை. கொரோனாக் காலத்தில், தொலைபேசிச் சமிக்ஞை தேடி மலையுச்சிக்கு ஏறிப் படிக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டுக் கடைகளுக்குப் போன பையன்கள் பலர் இன்னும் அந்தக் கடைகளில்தான் இருக்கிறார்கள்.

முதல் வேலை, அவனைத் திரும்ப வகுப்பில் உட்காரவைப்பது. அதற்குப் பாடசாலைக்குப் போக வேண்டியவர் நீங்கள் அல்லர், அப்பா. நீங்கள் போனால் ஓர் ஆசிரியை இன்னோர் ஆசிரியருடன் பேசியதாக முடிந்துவிடும், தேநீரும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்பா போனால், அதுவும் ஒரு நாள் பேரை விட்டுவிட்டுப் போனால், தம்பி அதைப் பார்ப்பான். தனக்காக அப்பா ஒரு நாள் சம்பளத்தை விட்டார் என்பது அவனுக்குப் புதிதாக இருக்கும். நீங்கள் கூடப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள், பேச்சை அவரிடம் விடுங்கள். மன்னிப்புக் கேட்கவைக்கப் போக வேண்டாம், சண்டையாகிவிடும். இரண்டு விஷயம் கேட்டால் போதும்: இனி அவன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது, அவன் வராத நாளில் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதிபர் மழுப்பினால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் ஒரு வாரத்துக்குப் பரீட்சை என்ற பேச்சை எடுக்காதீர்கள். நீங்கள் எந்தத் துறையில் படித்தீர்கள், எத்தனை புள்ளி எடுத்தீர்கள் என்ற பேச்சும் வேண்டாம். அது அவனுக்கு எத்தனை தடவை உதாரணமாகக் காட்டப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் வீட்டுக்குப் போகும் நாட்களில் அவனை அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். தேங்காய் துருவட்டும், ரொட்டிக்கு மா பிசையட்டும். அம்மா முதலில் தடுப்பார். தண்டனையாகச் சொல்லவில்லை, கை வேலையாக இருக்கும்போதுதான் பதினாறு வயதுப் பையன்களுக்கு வாய் திறக்கும். முகத்துக்கு முகம் உட்காரவைத்து "என்ன பிரச்சினை, சொல்" என்று கேட்டால் ஒன்றும் வராது.

பரீட்சையில் சித்தி கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. சாதாரண தரத்தில் தவறியவர்களும் உயர்தரத்தில் தொழிற்பிரிவில் சேர்ந்து பதின்மூன்று வருடக் கல்வியை முடிக்கும் திட்டம் 2017இல் தொடங்கியது. எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை, உங்கள் வலயத்தில் எங்கே இருக்கிறது என்று இப்போதே விசாரியுங்கள். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வேறு அரச பயிற்சி நிலையங்களும் உண்டு. எங்கே சேர்த்தாலும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா, தமிழில் படிப்பிப்பார்களா என்ற இரண்டையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். சிங்களத்தில் மட்டும் நடக்கும் வகுப்பில் பின்வாங்கில் போய் உட்கார்ந்து, மூன்றாம் மாதம் திரும்பி வந்த பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாமா நல்லெண்ணத்தோடுதான் கூப்பிடுகிறார். அவரை முறித்துக்கொள்ள வேண்டாம். பரீட்சை முடிந்த பிறகும் தம்பி போகத்தான் வேண்டும் என்று நின்றால், மாமாவிடம் தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள்: கடை எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? பையன்கள் எங்கே படுக்கிறார்கள், கடைக்கு மேலேயா, மூட்டைகளுக்கு நடுவிலா? மாதத்தில் எத்தனை நாள் லீவு? சம்பளத்தை அவன் கையில் கொடுப்பார்களா, தீபாவளிக்கு மொத்தமாகத் தருவதாகப் பிடித்து வைப்பார்களா? ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா, அதாவது அவன் பங்கு நூற்றுக்கு எட்டு, முதலாளி பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு? மாமாவுக்கே கட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். கேட்கும்போது தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியைப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்